எட்டாவது நிமிடம் வரை

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் பாக் கர்சோனோவின் பாடத்திட்டத்தில் ஓர் ஆப்பிள் தோட்டம் இருந்தது. ஆறு வருடமாக இருந்தது. "மாணவர்கள் வகுப்பறை ஜன்னல் வழியே தெரியும் ஆப்பிள் தோட்டத்தை உற்றுநோக்கி, மரங்களை எண்ணி, குழுவாகக் கலந்துரையாடுவர்" என்று பதினான்காம் பக்கத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. அடியில் பழைய தலைமை ஆசிரியரின் கையெழுத்து. அதன்மேல் ஊதா மையில் பள்ளி முத்திரை. ஒவ்வொரு ஜூலையிலும் தேதி மாறும். தோட்டம் மாறாது.

தம்பாக்லவாஸ் அரசுத் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு ஜன்னலில் தெரிவது உப்பளம். உப்பளத்துக்கு அந்தப் பக்கம் மூங்கில் தட்டிகளில் காயும் கருவாடு. அதையும் தாண்டினால் ஜாவாக் கடல். ஆப்பிள் மரத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பஸ் பிடித்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து மலையேற வேண்டும்.

இது பள்ளியில் யாருக்கும் தெரியாத ரகசியம் என்று சொல்ல முடியாது. எல்லோருடைய திட்டமும் ஒரே இணையதளத்திலிருந்துதான் வந்தது. முதல் வகுப்பு ஆசிரியை இபு சுகார்சியின் (ஜாவாவில் ஆசிரியைக்கு 'இபு', ஆசிரியருக்கு 'பாக்') திட்டத்தில் குழந்தைகள் வாரம் ஒருமுறை ரயில் நிலையத்துக்கு நடந்து போனார்கள். ஊரில் தண்டவாளமே கிடையாது. விளையாட்டு ஆசிரியர் பாக் நூர்ஹாதியின் திட்டத்தில் வேறொரு பள்ளியின் பெயரே அழியாமல் கிடந்தது. நல்லவேளையாக முத்திரை வருடா வருடம் அந்தப் பெயரின் மேலேயே விழுந்து அதை மறைத்துவிட்டது. மாவட்ட அலுவலகம் அறுபது பக்கம் கேட்டது, பள்ளி அறுபது பக்கம் கொடுத்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யவில்லை.

ஆகஸ்டில் புதுத் தலைமை ஆசிரியை இபு விந்தார்தி வந்தார். வந்த வாரத்தில், அந்தப் பள்ளியின் வரலாற்றில் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். பாடத்திட்டத்தைப் படித்தார்.

"பாக் கர், அந்தத் தோட்டத்த நான் கொஞ்சம் பாக்கலாமா?"

"எந்தத் தோட்டம் இபு?"

"ஆப்பிள் தோட்டம். உங்க ஜன்னல்ல தெரியுதாமே. நானும் ரெண்டு நாளா ஜன்னல் ஜன்னலா நின்னு பாக்கறேன். கருவாடுதான் தெரியுது."

பாக் கர்சோனோவுக்குக் காது மடல் சூடாகியது. இருபத்தொரு வருட சர்வீஸ். ஊரில் அவர் அளவுக்குக் கரும்பலகையில் அழகாக எழுதுகிறவர் யாரும் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்கே அவரிடம் எழுதி வாங்கிப் போவார்கள். குரலும் வெண்கலம். இப்போதோ, எச்சரிக்கைக் கடிதம் எந்தக் கலர் உறையில் வரும் என்று யோசித்துக்கொண்டு நின்றார்.

இபு விந்தார்தி அறுபது பக்கத்தையும் வாங்கித் தன் மேசைக்கு அடியில் வைத்தார். ஒரே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"இனிமே இது போதும். கையால எழுதுங்க. நாளைக்கு என்ன சொல்லித்தரப் போறீங்க, அது எந்தப் புள்ளைக்குப் புரியாதுன்னு நெனைக்கறீங்க. அவ்ளோதான்."

"மாவட்டத்துல அறுவது பக்கம் கேப்பாங்களே இபு?"

"கேக்கட்டும். அது என் தலைவலி, நான் உக்காந்து நெரப்பித் தர்றேன். நீங்க வகுப்பப் பாருங்க."

அன்று மாலை பாக் கர்சோனோ அந்தத் தாளோடு உட்கார்ந்தார். முதல் கேள்விக்குப் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. எழுத்து அச்சுப் போல வந்தது. இரண்டாவது கேள்வியில் பேனா நின்றது. இருபத்தெட்டுப் பிள்ளைகள். யார் வாயாடி, யார் தூங்குமூஞ்சி, யார் வீட்டில் புதுப் படகு வாங்கியிருக்கிறார்கள், எல்லாம் தெரியும். யாருக்குப் புரியவில்லை என்பது மட்டும் தெரியவில்லை. இருபத்தொரு வருடத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்காததால் அவரும் தேடியதில்லை. கடைசியில் "யாரும் இல்லை" என்று எழுதினார். மிக அழகான எழுத்தில்.

மறுநாள் இபு விந்தார்தி அதைப் படித்துவிட்டு, "அதிர்ஷ்டசாலி பாக் நீங்க" என்றார். கிண்டலா நிஜமா என்று பாக் கர்சோனோவுக்கு இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமைகள் அப்படித்தான் ஆரம்பித்தன. வியாழன்தோறும் ஒருவர் பாடம் எடுக்க, மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது. பிறகு ஆசிரியர் அறையில் தேநீரோடு பேசுவது. முதல் வியாழன் இபு விந்தார்தியே எடுத்தார். வகுத்தல் கணக்கு. பரிதாபமான பாடம். பாதியில் இரண்டு பிள்ளைகள் தூங்கின, ஒருவன் ஒன்றுக்குப் போனவன் திரும்பவே இல்லை.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு இபு" என்றார்கள் எல்லோரும், ஒரே குரலில். ஜாவாவில் ஒருவரின் குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்வதைவிட அவர் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்பது சுலபம்.

"அப்படியா. அப்ப ஒரு சட்டம் போடறேன். இந்த ரூம்ல 'நல்லா இருந்துச்சு'ன்னு சொல்றவங்க, அடுத்த வாரம் எல்லாருக்கும் தெம்பே பஜ்ஜி கொண்டு வரணும். பச்ச மொளகாயோட. ஏதாவது ஒரு புள்ளையப் பாருங்க. அது என்ன பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வாத்தியாரப் பத்திப் பேசவே வேணாம்."

அபராதம் வசூலிக்கும் பொறுப்பு பாக் நூர்ஹாதிக்குப் போனது. அவரிடம் விசில் இருந்தது.

அடுத்த ஐந்து வாரம் அந்தப் பள்ளி தின்ற தெம்பே பஜ்ஜிக்கு, அதாவது புளிக்கவைத்த சோயாக் கட்டியில் போட்ட பஜ்ஜிக்கு, அளவே இல்லை. பல வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிடும். சொன்ன நொடியில் விசில் ஊதும். இபு சுகார்சி ஒரே கூட்டத்தில் மூன்று தட்டுக்குக் கடன்பட்டார். அவருடைய கணவர், "இது பள்ளிக்கூடமா, பஜ்ஜிக் கடையா?" என்று கேட்டுவிட்டாராம்.

ஆறாவது வாரம் பாக் கர்சோனோவின் முறை. பாடம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. மாவு விலை ஏறியிருந்தது. கடைசியில் பாக் நூர்ஹாதி தொண்டையைச் செருமினார்.

"நான் ஜன்னலோரத்துத் துரினாவப் பாத்தேன். நாப்பது நிமிஷம், நோட்டுல ஒரு படகு வரைஞ்சா. நல்ல படகு. அய்யோ, படகத்தான் நல்லா இருக்குன்னேன்! அது கணக்குல வராதில்ல?"

அறை சிரித்தது. பாக் கர்சோனோவும் சிரித்தார். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் சிரிப்பு வரவில்லை. நாற்பது நிமிடம். பலகை முழுக்க முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்த அந்த நாற்பது நிமிடமும் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு படகு தயாராகிக்கொண்டிருந்தது.

நவம்பரில் மாவட்டக் கல்வி மேற்பார்வையாளர் பாக் தர்மாஜியிடமிருந்து கடிதம் வந்தது. பதினோரு பள்ளிகளின் ஆசிரியர்கள் பார்க்க, தம்பாக்லவாஸ் பள்ளியில் ஒரு "திறந்த பாடம்" நடக்க வேண்டும்.

"நீங்க எடுத்தா சரியா இருக்கும்னு தோணுது பாக் கர்" என்றார் இபு விந்தார்தி. "வேணாம்னா சொல்லுங்க. நானே எடுக்கறேன்."

தலைமை ஆசிரியையின் வகுத்தல் பாடம் அவர் கண்முன் வந்து போனது. "நான் எடுக்கறேன் இபு" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் வயிறு கேட்டது, யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று.

பயம் இதுதான். இத்தனை வருடம் அவர் நல்ல ஆசிரியர் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். யாரும் பார்க்காததால் தெரிந்த விஷயம். இப்போது முப்பது பேர் பார்க்கப்போகிறார்கள். அழகாக எழுதத் தெரிந்த ஒரு மனிதர், அவ்வளவுதான் என்று தெரிந்துவிட்டால்? மற்றவர்களுக்குத் தெரிவதுகூடப் பரவாயில்லை. அவருக்கே தெரிந்துவிட்டால்?

எனவே ஒத்திகை பார்த்தார்.

மூன்று மாலை. இபு விந்தார்தி மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்த நாட்களாகப் பார்த்து, வகுப்பு முடிந்தபின் பிள்ளைகளை நிறுத்திவைத்தார். பின்னங்கள். மூன்றில் ஒரு பங்கு பெரிதா, ஐந்தில் ஒரு பங்கு பெரிதா? யார் எந்தக் கேள்விக்குக் கைதூக்குவது, யார் எழுந்து பதில் சொல்வது, யார் "எனக்கு ஒரு சந்தேகம் பாக்" என்பது, எல்லாம் முடிவாயிற்று. ஆனால் எல்லாப் பதிலும் சரியாக இருந்தால் ஒத்திகை என்று தெரிந்துவிடுமே. அதனால் இயற்கையாக இருக்கட்டும் என்று ஒரு தப்பான பதிலையும் சேர்த்தார். அதை நவாங் என்ற பெண்ணிடம் கொடுத்தார். வகுப்பின் முதல் மாணவி. தப்பைத் தப்பில்லாமல் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை. "ஐந்தில் ஒரு பங்கே பெரியது, ஏனெனில் ஐந்து மூன்றைவிடப் பெரியது" என்று அவள் சொல்ல வேண்டும். உடனே ரொஃபி எழுந்து, "இல்லை நவாங், உன் கருத்தை நான் பணிவோடு மறுக்கிறேன்" என்று திருத்த வேண்டும்.

"நான் ஏன் பாக் தப்பா சொல்லணும்?" என்று கேட்டாள் நவாங்.

"நீதாம்மா சரியா தப்பு சொல்லுவ."

அவளுக்கு அந்த விளக்கம் திருப்தியாக இல்லை. ஆனாலும் மூன்று மாலையும் சொன்னாள், புளித்த முகத்தோடு.

புதன்கிழமை இடைவேளையில் பாக் கர்சோனோவும் இபு விந்தார்தியும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். மைதானத்தில் முதல் வகுப்புப் பொடிசுகள் ஒரு புது விளையாட்டு ஆடின. ஒன்று எழுந்து ஏதோ கத்தும். இன்னொன்று மார்பில் கைவைத்து, "இல்லை நவாங், உன் கருத்தை நான் பணிவோடு மறுக்கிறேன்!" என்று கூவும். உடனே எல்லாம் சிதறி ஓடும். மறுக்கப்பட்ட குழந்தை துரத்த வேண்டும்.

"புது வெளையாட்டா இருக்கே" என்றார் இபு விந்தார்தி.

பாக் கர்சோனோ தன் செருப்பைப் பார்த்தார்.

"பாக் கர். ஒத்திகை வேணாம்னு நான் இப்பச் சொல்லலாம். சொன்னா நாளைக்கு நடக்கறது என் பாடமா ஆயிடும். அது உங்க பாடம். நீங்களே முடிவு பண்ணுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "எதுவா இருந்தாலும் திட்டத்துல என் கையெழுத்து இருக்கு. நான் கடைசி வரிசையில இருப்பேன்."

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை. எல்லோரும் பாத்திக் சட்டையில் வந்தார்கள். வாசலில் "நல்வரவு" பேனர், அதில் மேற்பார்வையாளரின் படம் மட்டும் பள்ளியை விடப் பெரிதாக இருந்தது. வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். எந்த விழாவானாலும் உப்பளத் தொழிலாளிகளும் பயன்பெற வேண்டும் என்பது அங்கே வழக்கம். பாக் தர்மாஜி முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் வந்தவர்களின் பெயர்களைச் சொல்லி நன்றி கூறுவதில் போயிற்று. பிறகு பாக் கர்சோனோவின் சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். பாடம் தொடங்கியது.

முதல் ஏழு நிமிடம் தேன். கேள்வி போனது, பதில் வந்தது. கைகள் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்கின. பலகையில் பின்னங்கள் பூத்தன. விருந்தாளி ஆசிரியர்கள் தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்கள்.

எட்டாவது நிமிடம்.

"மூணுல ஒரு பங்கு, அஞ்சுல ஒரு பங்கு. எது பெருசு? நவாங், நீ சொல்லும்மா."

நவாங் எழுந்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள்.

"மூணுல ஒரு பங்குதான் பாக் பெருசு."

ரொஃபி எழுந்தான். அவனுக்கு எழுந்து பழக்கம். மார்பில் கைவைத்து, "இல்லை நவாங், உன் கருத்தை நான் பணிவோடு மறுக்கிறேன். மூன்றில் ஒரு பங்கே பெரியது" என்று கணீரென்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

முப்பது பேனாக்கள் நின்றன.

"நவாங்" என்றார் பாக் கர்சோனோ மெதுவாக. மைக் மெதுவாகப் பேசத் தெரியாதது. "நவாங்" உப்பளம் முழுக்கக் கேட்டது.

"மன்னிச்சுக்கோங்க பாக். ஜன்னல்ல எங்கம்மா நின்னு பாக்கறாங்க. அவங்க முன்னாடி என்னால தப்பா சொல்ல முடியல."

எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியது. தலையில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். மகள் எதற்கோ பாராட்டப்படுகிறாள் என்று நினைத்து எல்லோருக்கும் சிரித்து வணக்கம் வைத்தாள்.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாக் கர்சோனோவின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. அடுத்த வரி என்ன? அடுத்த வரி ரொஃபியைப் பாராட்டுவது. எதற்கென்று பாராட்டுவது? அவர் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே ஒரு தலையசைப்பு, ஒரு புன்னகை, ஒரு கோபம், எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார்.

இபு விந்தார்தி அவரைப் பார்க்கவே இல்லை. வியாழக்கிழமைகளில் உட்காருவது போல உட்கார்ந்து, கையில் பென்சிலோடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இபு சுகார்சியும் அப்படியே. விசிலைக் கழுத்தில் மாட்டிய பாக் நூர்ஹாதியும். தம்பாக்லவாஸ் ஆசிரியர்கள் ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை. சரி, நாமும் அங்கேதான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று அவரும் திரும்பினார்.

ஜன்னலோரம் துரினா படகு வரைந்துகொண்டிருந்தாள்.

பாக் கர்சோனோ சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"பசங்களா, இதுவரைக்கும் நடந்தது ஒத்திகை பாத்தது" என்றார். ஒலிபெருக்கி அதை ஊருக்கும் அறிவித்தது. "இப்ப நெசமா கேக்கறேன். யாரும் எதுவும் சொல்லிக் குடுக்கல. அஞ்சுல ஒரு பங்குதான் பெருசுன்னு மனசுக்குள்ள நெனைக்கறவங்க கையத் தூக்குங்க. நான் திட்ட மாட்டேன்."

முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு கை. பக்கத்துக் கையைப் பார்த்து இன்னொன்று. அவர் எண்ணினார். பதினொன்று. அதில் ஒன்று ரொஃபியுடையது.

"டேய், நீ சரியாத்தானடா சொன்ன?"

"நீங்க சொல்லச் சொன்னீங்க பாக்" என்றான் ரொஃபி. "ஆனா அஞ்சுதான பெருசு?"

மூன்று மாலை, சரியான பதிலை மணிமணியாகச் சொன்ன பிள்ளைகள். பாக் கர்சோனோ வெட்கப்பட வேண்டிய இடம் அது. அவருக்கு என்னவோ வெட்கம் வரவில்லை. தொலைந்த சாவி கிடைத்தால் வருமே, அந்த மாதிரி ஒன்று வந்தது. அவர் ஜன்னலோரம் போய்த் துரினாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உன் படகுல எத்தன பேரும்மா?"

துரினா நோட்டைக் கையால் மறைத்தாள். பிறகு, திட்டு வரவில்லை என்று உறுதியானதும், "மூணு பேரு பாக். அப்பா, மாமா, பெரியப்பா. நேத்து மட்டும் அஞ்சு பேரு போனாங்க" என்றாள்.

"அப்பறம்?"

"அம்மா திட்டுனாங்க."

"எதுக்கு?"

"மீனு அதே ஒரு கூடதான கெடச்சுது. மூணு பேரு போனா எங்க பங்கு ரெண்டு நாளைக்கு வரும். அஞ்சு பேரா பிரிச்சதுல சட்டி பாதிகூட நெறயல. 'ஊரையே ஏத்திட்டுப் போ, எங்களுக்குச் செதில் மட்டும் கொண்டா'ன்னு அம்மா கத்துனாங்க."

 வகுப்பின் இருபத்தெட்டுப் பேரில் இருபது பேர் படகு வீட்டுப் பிள்ளைகள்.

"எங்க வீட்டுலயும் அதான் சண்ட!" என்றது ஒரு குரல்.

"இரு இரு" என்று எழுந்தான் ரொஃபி. இந்தமுறை மார்பில் கை இல்லை. "அப்ப அஞ்சுல ஒண்ணுன்னா கொறச்சலா? ஆளு கூடக் கூடப் பங்கு சின்னதாகுமா?"

"பின்ன? ஒங்கப்பா படகுல பத்து பேரு ஏறுனா ஒனக்குக் கொழம்புதான், மீனு கெடையாது" என்றாள் நவாங்.

அதற்குப் பிறகு வகுப்பு பாக் கர்சோனோவின் கையில் இல்லை. அவர் பிடிக்கவும் போகவில்லை. ஒரு கோஷ்டி காகிதத்தை மீன் போலக் கிழித்து, மடித்துப் பங்கு போட்டது. பத்தில் ஒரு பங்கு பெரிதா எட்டில் ஒரு பங்கு பெரிதா என்று இன்னொரு மூலையில் அடிதடிக்குப் போனார்கள். ஒருவனுக்கு இன்னும் புரியவில்லை. அவனுக்குத் துரினா படகைக் காட்டி விளக்கினாள், அன்று நாற்பது நிமிடம் வாய் திறக்காத துரினா. பாக் கர்சோனோ மேசைக்கு மேசை போய்க் குனிந்து கேட்டார், பார்த்தார், கேட்டார். பலகையில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. மணி அடித்தபோது பாடம் முடிந்திருக்கவில்லை. திட்டத்திலிருந்த நிறைவுப் பாடலும் பாடவில்லை.

ஆசிரியர் அறையில் கருத்துக் கூட்டம். வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசி உருண்டைகளோடு பெட்டி பெட்டியாகப் பலகாரம். விருந்தாளிகள் வரிசையாக எழுந்து, "ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பாக் நூர்ஹாதியின் கை விசிலுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. ஒரு இளம் ஆசிரியை மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க பாக். அந்தக் கடைசிப் பகுதி, அந்தப் படகு... அதுவும் ஒத்திகையா?"

"இல்லம்மா" என்றார் பாக் கர்சோனோ. "எட்டாவது நிமிஷம் வரைக்குந்தான்."

அறை வெடித்துச் சிரித்தது. அவரும்தான். ஒத்திகை வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் நேற்றுவரை அவர் மூன்று நாள் தூங்காமல் இருந்தார். வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக இறங்கிவிட்டது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பாக் தர்மாஜி சிரிக்கவில்லை. அவர் முன்னால் படிவம் இருந்தது.

"எல்லாம் சரி. ஆனா திட்டப்படி நடக்கல. நேரத்துல முடியல. பாட்டு பாடல. 'பாடம் திட்டத்தோடு பொருந்தியதா'ங்கற எடத்துல நாலுக்கு ஒண்ணுதான் என்னால போட முடியும். இந்தப் பள்ளிக்கு இதுவரைக்கும் நாலுக்குக் கீழ வந்ததே இல்ல, தெரியுமா இபு?"

தெரியும். ஆப்பிள் தோட்டத்துக்கும் நாலுதான்.

இபு விந்தார்தி எழுந்தார். "ஒண்ணுன்னே போடுங்க பாக். கீழ 'குறிப்பு'ன்னு ஒரு கட்டம் இருக்கில்ல? அதுல பதினொண்ணுன்னு எழுதுங்க."

"என்ன பதினொண்ணு?"

"பதினொரு புள்ளைங்க, வாயில சரியான பதிலும் மனசுல தப்பான பதிலும் வச்சிட்டு இருந்தாங்க. பாக் கர் அதக் கண்டுபிடிச்சார். முப்பது பேரு பாக்க, மைக்க மாட்டிக்கிட்டு, தன் பாடத்தத் தானே நிறுத்திக் கண்டுபிடிச்சார். உங்க அலமாரியில இத்தன வருஷமா நாலு வாங்குன ஃபைல் எல்லாம் இருக்கே. அதுல ஒரு ஃபைல்ல இந்த மாதிரி ஒரு நம்பர் இருந்தாக் காட்டுங்க."

 பாக் தர்மாஜி பேனாவைத் திருகினார். அவரும் ஒருகாலத்தில் நான்காம் வகுப்பு எடுத்தவர்தான். கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கட்டத்தில் எழுதினார்.

"யார் பேரப் போடறது?"

"பதினொண்ணுக்குப் பக்கத்துல அவர் பேரு. ஒண்ணுக்குப் பக்கத்துல என் பேரு. திட்டத்துல கையெழுத்துப் போட்டது நான்."

பாக் கர்சோனோ அவசரமாகத் தேநீர்க் கோப்பையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கோப்பை காலி என்பதை இபு சுகார்சி கவனித்தார். ஊரெல்லாம் சொல்லவில்லை, நான்கைந்து பேரிடம் மட்டும் சொன்னார்.

அந்தப் படிவத்தின் நகல் இப்போது தலைமை ஆசிரியை அறையில் இருக்கிறது. அணிவகுப்புப் போட்டியில் வாங்கிய கோப்பைக்கும் கூடைப்பந்துக் கோப்பைக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்டு. நாலுக்கு ஒண்ணு. அதைக் கழற்றச் சொல்லிப் பாக் கர்சோனோ இரண்டுமுறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போது சட்டம் கோணலாக இருந்தால் நேராக்கிவிட்டுப் போகிறார்.

அடுத்த வியாழன் காலை, அவர் தன் ஒரு பக்கத் திட்டத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார். இபு விந்தார்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முதல் கேள்விக்கு அரை வரி. இரண்டாவது கேள்விக்கு அடியில், முத்து முத்தான எழுத்தில், ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்த இடத்தில் இடறும் என்று ஒரு வரி.

"ஏழுதானா பாக்? பதினொண்ணு இருந்துச்சே?"

"நாலு பேருக்குப் புரிஞ்சிடுச்சு இபு. நேத்து ஒவ்வொருத்தரையா ஒக்கார வச்சுக் கேட்டுப் பாத்தேன். ரொஃபி இப்ப அவங்கப்பாகிட்ட, படகுல கூட ஆள் ஏத்தாதன்னு சண்ட போடறானாம்."

இபு விந்தார்தி முத்திரையை எடுத்து மையில் அழுத்தினார். தாளை இன்னொருமுறை பார்த்தார். முத்திரை அந்தரத்தில் நின்றது.

"பாக் கர்," என்றார், "இது ரொம்ப நல்லா இருக்..."

வாசலில் விசில் ஊதியது.

"கேட்டுட்டேன் இபு!" என்றார் பாக் நூர்ஹாதி, கதவில் சாய்ந்துகொண்டு. "எல்லாருக்கும். பச்ச மொளகாயோட."